இலை மஞ்சளானால் உரம் போடலாமா?

கேள்வி: டொராண்டோவில் வீட்டுக் கொல்லையில், சட்டம் அனுமதிக்கும் 4 கஞ்சாச் செடிகள் வைத்திருக்கிறேன். இலைகள் மஞ்சளாகின்றன. என்ன சத்துக் குறைவு?

பதில்: நிறத்தை விட இடம்தான் முக்கியம். மஞ்சள் முதலில் அடியிலைகளில் தெரிகிறதா, நுனித் தளிரிலா என்று பாருங்கள். தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் பழைய இலைகளிலிருந்து அவற்றை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும் செடி. அடியிலை முழுதும் வெளுத்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு. நரம்புகள் பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் கருகினால் பெரும்பாலும் சாம்பல்சத்து.

இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படி நகராதவை. இரும்பு குறைந்தால் தளிர் நரம்பு தெரிய வெளுக்கும். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் புதிய இலைகள் சுருண்டு பழுப்புப் புள்ளி விழும்.

ஆனால் உடனே உரக்கடைக்கு ஓடாதீர்கள். மண்ணில் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலைதான் தொட்டிச் செடிகளில் அதிகம். முதலில் மண்ணின் பி.எச். அளவைப் பாருங்கள், 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தாலும் இதே மஞ்சள்தான் வரும். இலை நுனி மட்டும் கருகி, இலையின் மற்ற பகுதியெல்லாம் கரும்பச்சையாக இருந்தால் அது உரம் மிகுந்ததன் அடையாளம்.

பூத்து முடியும் தறுவாயில் அடியிலை மஞ்சளாவது இயல்பு, விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கெட்ட இலை பச்சைக்குத் திரும்பாது, எனவே நீங்கள் செய்த மாற்றம் பலன் தருகிறதா என்பதைப் புதிய இலைகளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.