புரதம் தேட ஏன் தங்கம்?

கேள்வி: புரதங்களையும் நொதிகளையும் கண்டறியும் உணரிகளில் தங்கம் எதற்கு? செம்பு போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. செம்பு உப்புக் கரைசலில் அரித்துப்போகும். தங்கம் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பு. ஒரு முனையில் கந்தகம் கொண்ட தயோல் கரைசலில் தங்கத் தகட்டை ஊறவைத்தால், மூலக்கூறுகள் தாமாகவே நெருக்கமாக அணிவகுத்து, ஒரே மூலக்கூறு தடிமனில் படலமாகின்றன. மறுமுனையில் எதிர்ப்பொருளைப் பொருத்தினால், அதற்குரிய புரதம் வந்து பற்றிக்கொள்ளும்.

பற்றியதை எப்படி அறிவது? கண்ணாடி மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கம் பூசி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சுவார்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் எதிரொளிப்பு சட்டென்று மங்கும். புரதம் ஒட்டியதும் அந்தக் கோணம் நகரும். சாயம் எதுவும் தேவையில்லை. 1983இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை உயிர் உணரியாக்கிக் காட்டினார்கள்.

புரதத்தை வெட்டும் நொதிக்கு வழி வேறு. அது வெட்டக்கூடிய சிறு புரதத் துண்டைத் தங்கத்தில் கட்டிவைப்பார்கள். நொதி வெட்டினால் மேற்பரப்பின் எடை குறையும், கோணம் பின்வாங்கும்.

பெரிய சவால் ரத்தம்தான். அதிலுள்ள வேண்டாத புரதங்களும் மேற்பரப்பில் ஒட்டப் பார்க்கும். ஆகவே, தங்கத்தின் மேல் இடும் பூச்சு எவ்வளவு நேர்த்தியோ, முடிவும் அவ்வளவு நம்பகமானது.