பாடம் 11: 187 நாள்

இரவு பத்தரை மணி. மாயாவின் அறையில் மட்டும் சின்ன வெளிச்சம் தெரிந்தது. அப்பா கதவைத் தட்டினார்.

"என்ன பிள்ளை, இன்னும் நித்திரை கொள்ளேல்லையா?"

மாயாவின் கண்கள் சிவந்திருந்தன.

"அப்பா, ஸ்கூல் காம்புக்குப் போன் கொண்டுபோக விடேல்லைதானே? என்ர 187 நாள் போயிட்டுது!"

அப்பாவுக்கு விளங்கவில்லை. மாயா விளக்கினாள். அவளும் தோழி நிலாவும் ஒரு செயலியில் தினமும் ஒருவருக்கு ஒருவர் படம் அனுப்புவார்கள். தவறாமல் அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்புப் படமும் நாள் கணக்கும் வரும். ஒரு நாள் விட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

"நிலா பதிலே போடேல்லை. என்னோட கோவம்."

"என்ன படம் அனுப்புவீங்கள்?"

"சும்மா... சுவர். சப்பாத்து. சில நாள் வெறும் கறுப்பு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், அழுகிற பிள்ளைக்கு முன்னால் சிரிக்கலாமா? பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மென்பொருள் எழுதுபவர்.

"எங்கட வேலையில எப்பவும் ஒரு கேள்வி வரும். 'இந்த ஆள் நாளைக்கும் வருவாரா?' அதுக்குத்தான் இந்த நெருப்பு. கணக்குக் கூடக் கூட, விட மனம் வராது."

"நீங்களும் அப்பிடிச் செய்தனீங்களோ?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஓம். நடக்கிற ஆக்களுக்கு ஒரு செயலி செய்தனாங்கள். ஒரு நாள் நடக்காட்டில் கணக்குப் பூச்சியம். காய்ச்சலோட நடந்த ஒருத்தர் எங்களுக்கு எழுதினவர். அந்த யோசனை என்ர தான்."

மாயா போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

காலையில் நிலாவின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். கை நடுங்கியது.

"நிலா, கோவமா?"

"ஓம், கோவம்தான்." கொஞ்சம் அமைதி. "சரி, காம்ப்ல என்ன நடந்தது, சொல்லு."

அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அப்பாவின் தேத்தண்ணி ஆறிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெரிந்துகொள்வோம்

புத்தகத்தில் பக்கம் முடியும், மூடி வைக்கலாம். கைபேசியில் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? ஏசா ரஸ்கின் என்பவர் 2006இல் அந்த முறையை உருவாக்கினார். பின்னர் அவரே அதற்காக வருந்தினார்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பல சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. (மாயாவின் கதை அதற்கு முந்தியது.) மீறினால் தண்டம் பிள்ளைக்கு இல்லை, பெற்றோருக்கும் இல்லை. நிறுவனத்துக்குத்தான்: 4 கோடியே 95 இலட்சம் டொலர் வரை! எனக்கு இது சரியாகப் படுகிறது. உங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்லலாம், கேட்டுப் பாருங்கள்.

பேச்சும் எழுத்தும்

கொள்ளேல்லை – கொள்ளவில்லை
என்ர – என்னுடைய
செய்தனாங்கள் – செய்தோம்

பேசுவோம்

1. மாயா ஏன் அழுதாள்? படங்களுக்காகவா, நிலாவுக்காகவா?
2. அப்பா ஏன் கொஞ்ச நேரம் பேசவில்லை?
3. உங்கள் கைபேசியில் விட மனம் வராத கணக்கு ஏதாவது உண்டா?