உன்னிச்சைப் பக்கம் போகிறவர்களுக்கு

உன்னிச்சைக் குளத்தை எந்த நாளிலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கு நாள் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். கதவு திறக்கிற நாளில் ஊர் முழுவதும் அங்கே கூடிவிடும். தேதி பார்க்காமல் போனால் பூட்டிய கதவையும் வேப்பமரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே உங்களுக்கு ஒரேயொரு பயணம்தான் வாய்க்குமென்றால் வைகாசியில் வாருங்கள். கன்னன்குடா, மகிழடித்தீவு போன்ற ஊர்களில் அப்போது கண்ணகிக்குச் சடங்கு நடக்கும். கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரை படித்து, கடைசி இரவில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்த கோபம் தணிந்து அம்மன் குளிர வேண்டும், மழை பெய்ய வேண்டும், நோய் விலக வேண்டும் என்பதே வேண்டுதல். உடுக்கும் பறையும் முழங்கத் தெய்வம் ஏறி ஆடுபவர்களைக் காண்பீர்கள். அது மேடைக் கலை அன்று. படம் எடுக்குமுன் கோயில் பெரியவர்களிடம் கேளுங்கள். சடங்கு நாட்களில் ஊரார் மச்ச மாமிசம் சேர்ப்பதில்லை, நீங்களும் தவிர்த்துவிட்டு வாருங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு வழியாக மேற்கே போனால் உன்னிச்சைக்கு முன்னால் ஆயித்தியமலை வரும். அங்கே சதாசகாய மாதா திருத்தலம் இருக்கிறது. செப்டம்பர்த் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் மக்கள் பாதயாத்திரையாக வருகிறார்கள். மற்ற மாதங்களில் வளாகம் அமைதியாக இருக்கும். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

தெற்கே, வாவி ஓரமாகக் கொக்கட்டிச்சோலை. இங்குள்ள தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தவறவிடாதீர்கள். தேன் எடுக்க வந்த வேடர் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது, அங்கே சிவலிங்கம் தோன்றியது என்பது தலவரலாறு. கோயிலை இடிக்க வந்த பறங்கியர் முன்னிலையில் கல் நந்தி புல் தின்ற கதையையும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆவணியை ஒட்டி வரும் தேரோட்டத்தன்று வாவியின் இரு கரைகளிலிருந்தும் சனம் திரளும். கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் முன்பு மண்முனையில் படகுப் பாதையேறித்தான் வாவியைக் கடந்தார்கள். 2014இல் பாலம் வந்துவிட்டது. இன்னும் தெற்கே மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். திரைக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். ஆடம்பரமான கோபுரங்களைவிட இந்த மௌனப் பூசை எனக்கு மிகவும் பிடித்தது.

நகருக்குத் திரும்பியதும் ஒரு மாலையைக் காத்தான்குடிக்கு ஒதுக்குங்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவுத் தொழுகையில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டது அவ்வூரின் இரண்டு பள்ளிவாசல்களில்தான். நகரின் சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில், குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் குழந்தைகள். இவ்விடங்களில் படம் எடுக்க அவசரப்படாதீர்கள். பேச விரும்புகிறவர்கள் பேசினால் கேளுங்கள்.

உன்னிச்சைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. சடங்கு பார்க்க இரவு தங்குவதென்றால் ஊரிலேயே இடம் கேட்டுத் தங்குங்கள். இல்லையென்றால் பொழுது சாயுமுன் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.