டிரையல்ஸ் புல்லட்: மீட்டெடுப்பில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் வேகத்துக்காகச் செய்யப்பட்ட பந்தய வண்டி என்ற நம்பிக்கையே, அவ்வகை வண்டிகளை மீட்டெடுக்கும் வேலையில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேராக இருக்கிறது. பாறை, சேறு, ஓடைப்படுகை, செங்குத்தான ஏற்றம் ஆகியவற்றில் எல்லை குறிக்கப்பட்ட சிறு பகுதிகளைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடப்பதே டிரையல்ஸ் போட்டி. கால் ஊன்றினாலும் வண்டி நின்றுபோனாலும் தண்டப் புள்ளி சேரும், குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். வெண்ணந்தூரை அடுத்த அலவாய்மலையின் கல்லும் சரளையுமான பாதையில், ஆள் நடக்கும் வேகத்தில், இஞ்சின் அணையாமல் ஏறிச்செல்வதற்கு இணையான வேலை அது. அதனால்தான் அவ்வண்டிகளில் கனமான ஃப்ளைவீலும் (சுழற்சியைத் தேக்கிவைத்து, இஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அணையாமல் காக்கும் சக்கரம்), குறைந்த அழுத்த விகிதமும் (பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல் கலந்த காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற அளவு) வைக்கப்பட்டன. மீட்டெடுக்கும்போது ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பதும், 'பவர் வரும்' என்று உயரமான பிஸ்டனைப் போடுவதும் வண்டியை மேம்படுத்துவதாகாது. எந்தத் திறனுக்காக அது உருவாக்கப்பட்டதோ அதையே அழிப்பதாகும்.

தமிழ்நாட்டில் இப்பேச்சு எழும்போதெல்லாம் நினைவுக்கு வருவது ராயல் என்ஃபீல்டு புல்லட்டே. 1948-இன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையல்ஸில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த அதன் முன்மாதிரிகள் இறங்கியபோது, அப்படிப்பட்ட வண்டி பாறையில் பிடிமானம் இழக்கும், இறுகிய பின்புறமே டிரையல்ஸுக்கு ஏற்றது என்பது அக்காலத்து வல்லுநர்களின் உறுதியான கருத்தாக இருந்தது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் டிரையல்ஸில் சார்லி ரோஜர்ஸும் விக் பிரிட்டெயினும் புல்லட்டில் தங்கப் பதக்கம் வென்றதும், விக்கின் மகன் ஜானி பிரிட்டெயின் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையல்ஸை வென்றதும் அக்கருத்தைத் தகர்த்தன. வல்லுநர்களின் நம்பிக்கையும் சோதனைக்கு உட்பட்டதே என்பதற்கு இவ்வண்டியின் பிறப்பே சான்றாக நிற்கிறது.

சைலன்சர் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது டிரையல்ஸ் புல்லட்தான் என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் நம்புகின்றனர். ஆனால் 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட்டுகள் சாலைக்கும் இராணுவத்துக்கும் காவல்துறைக்குமானவை. 2019-இல் 'புல்லட் டிரையல்ஸ்' என்ற பெயரில் வந்தவையும் பழைய தோற்றத்தை நினைவூட்டும் சாலை வண்டிகளே. 1950-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையில் 'வொர்க்ஸ் ரெப்ளிகா' என்று செய்யப்பட்ட உண்மையான டிரையல்ஸ் வண்டியை, அலுமினியக் கலவை சிலிண்டர், சிறிய பெட்ரோல் டேங்க், 21 அங்குல முன்சக்கரம், தனிவகைச் சட்டகம் ஆகியவற்றை ஒருங்கே பார்த்தே அடையாளம் காண வேண்டும். திருவொற்றியூர் புல்லட்டின் பாகங்கள் எளிதில் கிடைப்பது பெரும் பேறுதான். ஆயினும் அவை எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்று எண்ணிச் சட்டகத்தை அறுத்துப் பொருத்தும் வேலை மன்னிக்கத்தக்கதன்று.

அலுமினிய சிலிண்டர் 'நம் ஊர் வெயிலுக்கு நிற்காது' என்று சொல்லி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வார்ப்பிரும்பு சிலிண்டரை மாட்டச் சொல்பவர்கள் உண்டு. உண்மை நேரெதிரானது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. காற்றோட்டமின்றி மெதுவாக ஏறும் வண்டிக்கும், சேலம், நாமக்கல் சமவெளியின் கோடைக்கும் அதுவே ஏற்றது. தொல்லை தருவது உள்ளே செருகப்பட்டிருக்கும் இரும்பு ஸ்லீவ் (பிஸ்டன் உரசி ஓடும் உள்ளுறைக் குழாய்): சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், போதிய இறுக்கமின்றிப் பொருத்தப்பட்ட ஸ்லீவ் தளர்ந்துவிடும். சிலிண்டரைச் சீராகச் சூடேற்றி, அளந்து கடைந்த ஸ்லீவை இறக்கி, முழுவதும் ஆறிய பின்னரே 70 மி.மீ. துளைக்கு இறுதிப் போரிங் செய்ய வேண்டும். கவனமும் மைக்ரோமீட்டரும் உள்ள எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்ய முடியும். லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில் இவ்வேலைக்காக வெளிநாட்டை நாட வேண்டிய தேவையில்லை.

மீட்டெடுத்த வண்டி கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்ற எண்ணமோ இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மணல் வீச்சால் இஞ்சின் பெட்டியைச் சுத்தம் செய்தால், எண்ணெய் செல்லும் நுண்வழிகளில் தங்கிவிடும் மணல் பின்னர் பேரிங்குகளை அரைத்துத் தீர்த்துவிடும். உயர்வலு எஃகு போல்ட்டுகளுக்குக் குரோம் பூசும்போது உலோகத்துக்குள் புகும் ஹைட்ரஜன், உடனடியாகச் சூட்டடுப்பில் வைத்து வெளியேற்றப்படாவிட்டால், அவற்றை எளிதில் முறியச் செய்யும். பழைய பூச்சு, பாறையில் உரசிய தழும்பு, ஆலையில் பதித்த எழுத்து ஆகியவை வண்டியின் வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் ஆவணங்கள். துருவை நிறுத்துவது கடமை, தழும்பை அழிப்பது இழப்பு.

பழைய வண்டிக்குச் சட்டத்தில் இடமில்லை, காயலான் கடைக்குத்தான் போக வேண்டும் என்பதும் தவறு. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சட்டகத்திலோ இஞ்சினிலோ பெரும் மாற்றமின்றி மூல வடிவில் உள்ள இருசக்கர வாகனத்தை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். முன்பே பதிவானது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பெயிண்ட் உரிப்பதற்கு முன்பே அவ்விரண்டையும் தாளில் பென்சில் பிரிண்ட் எடுத்துவைப்பது முதல் வேலையாகும். பவுடர் கோட்டிங்கின் தடிப்புக்குள் அந்த எண்கள் மங்கிப்போனால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவ்வண்டி எதுவென்று மெய்ப்பிப்பது மிகவும் கடினமாகிவிடும்.