கதிர் அறுக்கும் வண்டி: எந்தக் கருவி நமக்கு உதவும்?



ஆனைக்குட்டம் பக்கம் அறுவடைக்கு வண்டி வைக்கும்போது வாடகையை மட்டும்தான் கேட்கிறோம். வண்டியில் கூடுதலாக மாட்டியிருக்கும் கருவிகளையும் பார்க்கணும். குழுவாக வண்டி வாங்க நினைத்தாலும் இதுவே பாடம்.

1. வைக்கோல் வெட்டி: வண்டியின் பின்னால் மாட்டுவது. வைக்கோலைத் துண்டாக்கி வயலில் பரப்பும். தாள் எரிப்பதைத் தடுக்க பஞ்சாபில் 2018-ல் இதைக் கட்டாயமாக்கினார்கள். நமக்கோ வைக்கோல் மாட்டுத் தீவனம். மாடு வைத்திருப்போர் 'வேண்டாம்' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

2. தூசிக் கிண்ணம்: ஏர் ஃபில்டருக்கு முன்னால் மாட்டினால் தூசியைப் பிடிக்கும், இன்ஜின் ஆயுள் கூடும். ரேடியேட்டர் வலையைத் தினமும் சுத்தம் செய்யணும்.

3. தீயணைப்பான்: சூடான சைலன்சர் மேல் சேரும் சருகு தீப்பிடிக்கும். தீயைப் பற்றி நம் பகுதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீயணைப்பான் இல்லாத வண்டியை வயலில் இறக்காதீர்கள்.

4. டிரம்: நெல் அறுத்த வண்டியை மக்காச்சோளத்தில் இறக்கினால் டிரம் வேகத்தைக் குறைத்து, அடியில் உள்ள சல்லடையின் இடைவெளியைக் கூட்டணும். இல்லாவிட்டால் மணி உடையும், விலை குறையும்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில் எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது? வைக்கோலை விலைக்கு வாங்கினால் வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு வண்டியைப் பேசுவோம்.