ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

முன்னுரை

கணினி கணக்கில் பிழை செய்யாது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. ஆனால், ஓர் எழுத்து திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்னும் எளிய கேள்விக்கே ஒரே கணினியிலுள்ள இரண்டு நிரல்கள் இரு வேறு விடைகளைக் கூறுவதுண்டு. ஜப்பானியம், சீனம், கொரியம் ஆகிய மொழிகளில் பணிபுரிவோர் நெடுங்காலமாகச் சந்தித்து வரும் இச்சிக்கலின் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

கட்டங்களாலான திரை

டெர்மினல் எனப்படும் முனையத்தின் திரையைக் கட்டம் போட்ட தாளுக்கு ஒப்பிடலாம். 1978 இல் வெளிவந்த விடி100 முனையத்தில் வரிக்கு 80 கட்டங்கள். மொத்தம் 24 வரிகள். இன்று முனையம் தனிக்கருவியாக இல்லாமல் ஒரு நிரலாக மாறிவிட்டது. எனினும் கட்டக் கணக்கு மாறவில்லை. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கும். கோடுகள் நிறைந்த சதுர வடிவக் கான்ஜி எழுத்து அவ்வாறு அடங்காது. அதற்கு இரண்டு கட்டங்கள் வேண்டும்.

சிக்கலின் பிறப்பு

ஜப்பான் 1978 இல் வகுத்த ஜிஸ் சி 6226 என்னும் எழுத்துத் தரத்தில் 6,802 எழுத்துகள் இருந்தன. கான்ஜி எழுத்துகளோடு கிரேக்க, ரஷ்ய எழுத்துகளும், வட்டம், நட்சத்திரம், அம்பு போன்ற குறிகளும் அதில் இடம்பெற்றன. இவை அனைத்தும் ஈரிரண்டு பைட்டுகளில் எழுதப்பட்டு, ஈரிரண்டு கட்டங்களில் காட்டப்பட்டன. ஷிஃப்ட் ஜிஸ் முறையில் பைட்டுகளை எண்ணினாலே அகலம் தெரிந்துவிடும்.

பின்னர், உலக மொழிகளையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கும் யூனிகோடு 1991 இல் வந்தது. ஜப்பானியரின் ஆல்ஃபாவுக்கும் கிரேக்கரின் ஆல்ஃபாவுக்கும் அதில் ஒரே எண்தான். கிரேக்கருக்கு அது ஒரு கட்டம். ஜப்பானியரின் பழைய கோப்புகளிலோ இரண்டு கட்டம். யூடிஎஃப்-8 முறையில் ஆல்ஃபாவுக்கு 2 பைட்டுகளும் கான்ஜிக்குப் பெரும்பாலும் 3 பைட்டுகளும் ஆவதால், பைட் கணக்கும் இங்கே உதவாது. எனவே, அகலத்தை ஆறு வகையாகப் பிரித்த யூனிகோடு, இத்தகைய எழுத்துகளை 'ஐயத்திற்குரிய அகலம்' என்னும் வகையில் வைத்தது. சூழ்நிலை தெளிவாகத் தெரியாதபோது அவற்றை ஒரு கட்டமாகக் கொள்க என்பது அதன் பரிந்துரை.

பிழை நிகழும் விதம்

எடிட்டர் தானே திரையில் எழுதுவதில்லை. "இந்த எழுத்துகளை இடு, கர்சரை 8 ஆம் கட்டத்திற்கு நகர்த்து" என்று முனையத்திற்கு ஆணையிடுகிறது. இருவரிடமும் தனித்தனி அகலப் பட்டியல்கள் உள்ளன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு வரியில் ஐந்து வட்டக் குறிகளும், அவற்றை அடுத்து 1, 2, 3, 4 என்னும் இலக்கங்களும் உள்ளன. வட்டத்திற்கு ஒரு கட்டம் என்பது எடிட்டரின் கணக்கு. எனவே, இலக்கம் 3 இருப்பது 8 ஆம் கட்டத்தில். முனையமோ வட்டத்திற்கு இரண்டு கட்டம் கொடுத்துவிட்டது. அங்கே 7, 8 ஆம் கட்டங்களில் நிற்பது நான்காவது வட்டம். கர்சர் அதன்மேல் நிற்பதைக் கண்டவர் வட்டத்தை அழிப்பதாக எண்ணி விசையை அழுத்துவார். அழிவது இலக்கம் 3! அது கணக்கேடாகவோ நிரலாகவோ இருந்தால் விளைவை எண்ணிப் பாருங்கள்.

தீர்வு என்ன?

விம் எடிட்டரில் 'ஆம்பிவிட்த்' என்னும் அமைப்பு உண்டு. அதற்குச் 'சிங்கிள்', 'டபுள்' என இரு மதிப்புகள். எடிட்டரில் மட்டும் 'டபுள்' என்று மாற்றி, முனையத்தைப் பழையபடி விட்டுவிட்டால் பிழை மறையாது, எதிர்த்திசையில் தோன்றும். இரண்டையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். அப்போதும் ஒரு விலை உண்டு. அட்டவணை வரையும் கோட்டுக் குறிகளும் இதே ஐய வகையைச் சேர்ந்தவை. ஒரு கட்டமென எண்ணி வரையப்பட்ட அட்டவணைகள் 'டபுள்' அமைப்பில் சிதைந்துவிடும்.

முனையத்தின் கணக்கை அறிய எளிய சோதனை உண்டு. எடிட்டரைத் திறவாமல், ஐந்து வட்டங்களையும் ஒரு செங்குத்துக் கோட்டையும் ஒரு வரியில் அச்சிடுக. அடுத்த வரியில் ஐந்து இலக்கங்களையும் அதே கோட்டையும் அச்சிடுக. கோடுகள் நேராக நின்றால் வட்டத்திற்கு ஒரு கட்டம். முதற்கோடு ஐந்து கட்டம் தள்ளி நின்றால் இரண்டு. விம் எடிட்டரும் இதைப் போன்றே ஓர் ஐய எழுத்தை இட்டு, "கர்சர் இப்போது எங்கே?" என்று முனையத்தைக் கேட்டறிய வல்லது.

முடிவுரை

கல்லூரி வாசலை மிதியாத என் தந்தை ஒரு நெசவாளி. இச்சிக்கலை நான் சொன்னதும், "கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு எத்தனை இழைன்னு படம் போட்டவனும் அட்டை அடிச்சவனும் முன்னாடியே பேசிக்கலேன்னா சேலையில பூ கோணித்தான் போகும்" என்றார். எடிட்டரும் பிழையன்று, முனையமும் பிழையன்று. இடையே இருக்கவேண்டிய உடன்பாடு இல்லாததே பிழை. நிரல் எழுதப்போகும் நாம், நம் கணக்கு சரியா என்று பார்ப்பதோடு நில்லாமல், எதிரில் இருப்பதன் கணக்கு என்னவென்றும் கேட்டறியப் பழகுவோமாக!