செல்லாக்காசு மீனும் அதன் குஞ்சு காக்கும் முறையும்

கடலோரக் கிராமங்களின் கழிகளிலும், அவற்றையடுத்த வாய்க்கால் குட்டைகளிலும் வாழும் செல்லாக்காசு என்னும் மீனை நிலமுடையோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பெயரே அதன் சந்தை மதிப்பைச் சொல்லிவிடுகிறது. மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. ஆயினும் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போர் அயல்நாடுகளிலும் இதனை விரும்பி வாங்குகின்றனர்.

இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரியது. ஜெர்மானிய சாஸ்திரியான பிளாக் என்பவர் 1795இல் இதனை விவரித்தெழுதினார். 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன் இதற்கு நெருங்கிய உறவு. தட்டையான மஞ்சள் உடலும், விலாவில் கரும்புள்ளியும், வரிசையாக அமைந்த செம்புள்ளிகளும் இதன் அடையாளங்கள். கொசுப்புழுக்களையும் நீர்ப்பூச்சிகளையும் தின்பதால் வீட்டையடுத்த குட்டைக்கு இது நன்மையே செய்கிறது.

இதன் இனவிருத்தியே கவனிக்கத்தக்கது. ஆணும் பெண்ணும் இணைந்து, நீருள் அமிழ்ந்த கல்லையோ வேரையோ வாயினால் சுத்தம் செய்து, அதன்மேல் முட்டைகளை ஒட்டவைக்கின்றன. பின் இரண்டும் முறைவைத்துச் செட்டைகளால் விசிறி, புதுநீர் பாயச் செய்கின்றன. பொரித்த குஞ்சுகளை மண்ணில் பறித்த சிறு குழிகளில் இட்டுக் காக்கின்றன. அக்காலத்தில் பெற்றவற்றின் வயிற்றுப்புறம் கருத்துவிடும். இதைக் கொண்டே குஞ்சுடைய ஜோடியைக் கண்டுகொள்ளலாம். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலில் ஊறும் வழுவழுப்பையும் கொறித்து உண்கின்றன. பசுவின் மடியைக் கன்று நாடுவது போன்ற இவ்வழக்கம் மீன்களில் மிக அரிது.

ஆதலால், காவல் நிற்கும் மீன்களைச் சிறுகண் வலையால் அரித்தெடுத்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். குட்டையைத் தூர்வாரும்போது கரையோரக் கற்களையும் வேர்களையும் ஒருங்கே அகற்றாமல், ஒரு பக்கமேனும் விட்டுவைப்பது அவசியம்.

இன்னொரு விஷயத்தைக் கிராம அதிகாரிகள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பெண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால், கல்லும் வேரும் இல்லாத சேற்றிலும் அது பெருகிவிடும். வெளியிடத்தில் முட்டையிடும் செல்லாக்காசோ, நெருக்கமிகுந்த குட்டையில் தன் இடத்தைக் காத்துக்கொள்வது கடினம். எடைக்கு ஆசைப்பட்டு ஜிலேபிக் குஞ்சுகளைப் பொதுக் குட்டைகளில் விடுவோரை முன்னதாகவே தடுக்க வேண்டும். பெருகியபின் அவற்றை முற்றும் அகற்றுவது எளிதன்று.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் தட்டைக் கற்கள் இரண்டை இட்டு, நீரில் சிறிது உப்புச் சேர்க்கலாம். கழிநீரில் பழகிய இம்மீனுக்கு அது ஒத்துக்கொள்ளும்.